மறவாத அரசுக்கு ஒரு வாழ்த்துரை

எங்கள் அரசாங்கத்துக்கு மறதி அதிகம் என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தவர்களாக இருக்க முடியாது. எந்த ஒழுங்கையில், எந்த இலக்கத்து வீட்டில், எத்தனை பேர், எப்போது வந்தவர்கள், எப்போது போவார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்த அளவு எங்கள் சொந்தச் சித்தப்பாவுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வருகிற சித்தப்பா ஜிந்துப்பிட்டியில் இறங்கி நாலு பேரிடம் வழி கேட்பார். அரசாங்கத்தின் ஆட்கள் ஒருநாளும் வழி கேட்டதில்லை. நேரே வந்து கதவைத் தட்டுவார்கள்.

பொது ஆவணங்கள் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று உலகமெங்கும் மாநாடு கூட்டிப் பேசுகிறார்கள். இறாக்கையில் தூசு படிந்து கிடக்கும் கோவையால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பது அவர்கள் கவலை. இந்தக் கவலையை நாங்கள் 1983இலேயே தீர்த்துவிட்டோம். ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கிக் கொழும்பெங்கும் பரவிய, தமிழருக்கெதிரான வன்செயலின் நாட்களில், வாக்காளர் இடாப்பு அலுவலகத்தை விட்டிறங்கி மக்களோடு மக்களாகத் தெருத்தெருவாக நடந்தது. கும்பல்களின் கையில் இடாப்பும் முகவரிப் பட்டியலும் இருந்ததைக் கண்டவர்கள் சொல்லியும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். என்ன துல்லியம்! கட்டடம் சிங்களவருடையது, உள்ளே கடை தமிழருடையது என்றால், கட்டடத்தைத் தொடாமல் சாமான்களை மட்டும் றோட்டில் இழுத்துப்போட்டுக் கொளுத்திய இடங்களும் உண்டு. காணிப் பதிவகத்தில் ஆயுள் முழுக்க இருந்த எழுதுவினைஞர்கூட உரிமையாளரையும் குடியிருப்பவரையும் அவ்வளவு விரைவாகப் பிரித்தறிந்திருக்க மாட்டார்.

பிறகு வந்த கணக்கெடுப்பில்தான் சின்னத் தடுமாற்றம். கொல்லப்பட்டவர்கள் நானூறு பேர் அளவில் என்று அரசாங்கத்தின் கணக்கு நின்றுகொண்டது. மற்றவர்களின் கணக்கு 3,000 வரை போகிறது. உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டு இலக்கம் ஒன்றுகூடப் பிசகவில்லை. செத்த பிறகுதான் தொகை பிசகியது. இதையும் குறையாகச் சொல்லக் கூடாது. செத்தவருக்கு வாக்கில்லை, இடாப்பில் அவருக்கு எதற்கு இடம்?

போர்க் காலத்தில் இந்தச் சேவை வீட்டுக்கே வந்தது. பொலிஸ் பதிவுப் படிவம் என்று ஒன்று இருந்ததைக் கொழும்புத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெயர், ஐ.சி. இலக்கம், நிரந்தர முகவரி, கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம். கடைசிக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு மாலைப்பொழுது முழுக்க யோசித்தோம். பிறந்ததிலிருந்து இருக்கிற இடத்தில் ஏன் இருக்கிறோம் என்று அதற்கு முன் எங்களை யாரும் சிந்திக்க வைத்ததில்லை. முத்திரை குத்திய அந்தப் பிரதி பொலித்தீன் உறைக்குள் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. இரவு ஒரு மணிக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவோம். முருகன் பார்த்துக்கொண்டிருப்பார்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் என்று 376 பேர். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்று சொல்லி வவுனியாப் பக்கம் கொண்டுபோனார்கள். பயணக் கட்டணம் அறவிடப்படவில்லை என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு இந்த இலவச சேவையைக் கெடுத்துவிட்டது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். நல்ல வேலை செய்பவர்களை உற்சாகப்படுத்தாத நாடு இது.

பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் அன்பு முழுவதும் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது. பிறந்த திகதி, இடம், பெயர். தகப்பனின் முழுப் பெயர், பிறந்த இடம், இனம். தாய்க்கும் அப்படியே. பெற்றோர் விவாகம் செய்தவர்களா? அதோடு விட்டுவிடுகிறார்களா? பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் இலங்கையில் பிறவாமல் பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால், அவருடைய பெயர், ஆண்டு, இடம். பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்திராது; அதற்குள் பூட்டனாரை விசாரிக்கிறார்கள்.

இந்தப் பாசத்தின் ஊற்று 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்தவர் இந்த நாட்டவர் ஆவதற்குத் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், செட்டியார் தெருவில் கணக்கெழுதியவர், மாநகர சபைக்குத் தெருக் கூட்டியவர், மலையில் கொழுந்து கிள்ளியவர் எல்லோரிடமும் ஒரே கேள்வி. கொஞ்சம் கணக்குப் போடலாம். 1948இல் நாற்பது வயதான ஒருவருடைய தகப்பன் 1880 அளவில் பிறந்திருப்பார். இந்நாட்டில் பிறப்புப் பதிவு தொடங்கியது 1867இல். அது கட்டாயமானது 1897இல். பாட்டனும் பூட்டனும் பிறந்த காலத்தில் பதிவேடு என்ற பொருளே கிடையாது. தான் வைத்திராத புத்தகத்திலிருந்து பக்க இலக்கம் கேட்கிற துணிவு எத்தனை அரசுகளுக்கு வரும்?

கருணையும் இருந்தது. அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடத்தார் சட்டம் வந்தது. மணமானவர் ஏழு வருஷம், மணமாகாதவர் பத்து வருஷம் இடையறாது இங்கே வாழ்ந்ததைத் தாள்களால் காட்டினால் போதும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தார்கள். ஏற்கப்பட்டவர்கள் ஒரு இலட்சத்து 34 ஆயிரம் அளவில். மிச்சப் பேரை 1964இல் இரண்டு பிரதமர்கள் டில்லியில் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒரு கோவையில் வைத்துக் கட்டினார்கள். அந்தக் கட்டை அவிழ்க்கப் பத்து வருஷம் சென்றது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வாசல் திறந்த சட்டம் வந்தது 2003இல். ஐம்பத்தைந்து வருஷம் அவசரப்படாமல் ஒரு கோவையை நடத்துவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும்.

அந்தப் பக்குவம் இன்றும் வற்றவில்லை. என் பெரியம்மாவின் பிறப்புப் பதிவுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நல்லதைச் செய்கிறவர்கள் விளம்பரம் விரும்புவதில்லை. அந்த வருஷத்துப் புத்தகத்தில் அந்தப் பக்கங்களைப் பூச்சி தின்றுவிட்டதாம். "ஹெட்ட எண்ட" என்று, நாளைக்கு வரச் சொன்னார் கருமபீடத்தில் இருந்தவர். நாளைக்குப் போனேன். நாளைக்கும் அதே ஹெட்ட. கடைசியில், தேடியும் பதிவு கிடைக்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். இல்லாததற்கும் ஆவணம் கொடுக்கிற பெருந்தன்மையை அங்கேதான் கண்டேன். இனி உத்தேச வயதுச் சான்றிதழ், அதற்கு சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, கிராம சேவகரின் கடிதம், பள்ளிக்கூடத்துப் பதிவு. எண்பது வயதுப் பெரியம்மா தான் பிறந்தது உண்மை என்று சத்தியம் செய்தார். பூச்சியிடம் யாரும் சத்தியக் கடதாசி கேட்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு எங்களவர்களுக்கு ஆவணம் பேணத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கொட்டாஞ்சேனை மேட்டில் வுல்வெண்டால் தேவாலயம் நிற்கிறது. 1749இல் அத்திவாரம் போட்டு 1757இல் திறந்தது. அதைக் கட்டிய ஒல்லாந்தர் எழுதி வைத்துவிட்டுப் போன ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொகுதிகளை, கொழும்பு ஏழிலுள்ள தேசிய சுவடிகள் கூடம் கண்ணைப் போலக் காக்கிறது. ஒல்லாந்தக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோவும் 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் தோம்பு எனப்படும் பதிவேடுகளில் காணி, காணிக்காரர், குடும்பம், தென்னை, பலா எல்லாம் எண்ணி எழுதப்பட்டிருக்கின்றன. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு தென்னை யாருடையது என்று கேட்டால் பதில் கிடைக்க வழி இருக்கிறது. 2008இல் கொழும்புத் தெருவில் வெள்ளை வானில் ஏற்றிக் கடத்தப்பட்ட பிள்ளை எங்கே என்று கேட்டால்தான் கோவை கிடைப்பதில்லை. சுவடிகள் கூடத்தில் இருப்பவர்களை நான் இதில் இழுக்கவில்லை. கொடுத்ததை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். கொடுக்க வேண்டியவர்களின் சிக்கனத்தைத்தான் பாராட்டுகிறேன்.

ஆணைக்குழு விஷயத்தில் எங்கள் ஊருக்கு மூத்த பாரம்பரியம் உண்டு. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பௌத்த ஊர்வலம் ஒன்று கொட்டாஞ்சேனையில் தாக்கப்பட்டது. ஆணைக்குழு வைத்தார்கள், அறிக்கை எழுதினார்கள், சாட்சியம் போதாது என்று வழக்கை விட்டார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கங்களில் எத்தனையோ மறைந்துவிட்டன. இதை மட்டும் அப்படியே காப்பாற்றியிருக்கிறோம். 1977 வன்செயலுக்கு சன்சோனி ஆணைக்குழு. 1981 முதல் 84 வரை நடந்ததற்கு 2001இல் உண்மை ஆணைக்குழு. யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்து இருபது வருஷம் சாம்பல் ஆறட்டும் என்று காத்திருந்த நிதானம் அது. போருக்குப் பிறகு நல்லிணக்க ஆணைக்குழு. 2019இல் இன்னொரு உயிர்த்த ஞாயிறு. எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் குண்டு வெடித்தது, நாடெங்கும் 250க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கும் ஆணைக்குழு, அதற்கும் தொகுதி தொகுதியாக அறிக்கை. எல்லாத் தொகுதிகளையும் காட்டுங்கள் என்று ஆயர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிள்ளையைத் தேடும் ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு ஆணைக்குழுவின் முன்னும் அதே போட்டோவைப் பிடித்துக்கொண்டு அதே கதையைச் சொல்கிறாள். முந்தியவர் எழுதிவைத்ததைப் பிந்தியவர் வாசிக்காததால்தானே அவளுக்கு இத்தனை தடவை பேச வாய்ப்புக் கிடைக்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. போரின் முடிவில் சரணடைந்தவர்களின் பட்டியலைத் தாருங்கள் என்று அந்தச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, அவர்கள் சரணடைந்தது அரசாங்கத்திடம், எங்களிடம் அல்ல என்று 2019இல் இராணுவம் பதில் தந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பட்டியல் வேண்டும் என்று நின்ற அதே அரசு இது. எந்தப் பட்டியல் தேவை, எது தேவையில்லை என்ற தெளிவுக்குத்தான் நான் தலைவணங்குகிறேன்.

வெளிநாட்டார் சிலருக்கு இந்தத் தெளிவு போதாது. கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸ் எழுதிய கோவைகளை 1992இல் திறந்துவிட்டு, உன்னைப் பற்றி என்ன எழுதினோம் என்று நீயே வந்து வாசி என்றார்கள். என்ன வெட்கக்கேடு! குவாத்தமாலாவில் பழைய பொலிஸ் கட்டடமொன்றில் 2005இல் எட்டுக் கோடிப் பக்கங்கள் அளவில் ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. எலியும் வௌவாலும் குடியிருந்த இடம். அந்தத் தாள்களை வைத்தே காணாமல் ஆக்கியவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். எரிக்கத் தெரியாதவர்கள் படுகிற பாடு இது. எங்கள் நாட்டில் மாத்தளைப் புதைகுழி விசாரணைக் காலத்தில் பழைய பொலிஸ் பதிவுகள் அழிக்கப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் 2023இல் குற்றஞ்சாட்டின. உண்மையாக இருந்தால், இடநெருக்கடியை எவ்வளவு அக்கறையாகக் கவனித்திருக்கிறார்கள்!

அரசின் பெருந்தன்மைக்கு இன்னோர் உதாரணம் வெள்ளவத்தையில் இருக்கிறது. 2005இல் சில இளைஞர்கள் நூலகம் என்ற பெயரில் இணையத்தில் தொடங்கியது இன்று ஓர் இலட்சத்தைத் தாண்டிய தமிழ் ஆவணங்களின் எண்ணிமக் களஞ்சியம். மலர்கள், துண்டுப் பிரசுரங்கள், நின்றுபோன சஞ்சிகைகள், ஊர்ச் சங்கங்களின் அறிக்கைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். வரிப்பணமும் கட்டடமும் சட்டமும் வைத்திருக்கும் அரசு நினைத்திருந்தால் இந்த வேலையைத் தானே செய்து முழுப் புகழையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். தொண்டர்களுக்கு விட்டுக்கொடுத்தது.

ஆகவே வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். 83இல் அகதி முகாமில் தந்த அட்டை, லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறை போனவர்களிடம் மிஞ்சிய துண்டு, பொலிஸ் பதிவுப் படிவம், பெரியவர்களின் பிரஜாவுரிமைக் கடதாசி, கோயில் திருவிழா நோட்டீஸ் எதுவானாலும் அலுமாரியில் கிடந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டாம். பிரதி எடுங்கள். யாருடையது, எந்த வருஷம் என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதியைப் பிள்ளையிடம் கொடுங்கள், ஒன்றை நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுங்கள். மூலத்தை மட்டும் எந்தக் கருமபீடத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.