ஐந்து சிலிண்டர் மாப்பிள்ளை

திருமழபாடியில் பங்குனி நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆடியின் 2.5 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போவைப் பேசி முடிக்கத் துடிப்பவர்கள் தவறாமல் வரவேண்டிய ஊர். ஜாதகத்தில் அவர்கள் பார்ப்பது 400 குதிரைத்திறனை மட்டுமே. மவுண்ட், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங் பொருத்தமெல்லாம் தாலி ஏறிய பிறகுதான். பெண்ணின் விலையைச் சீர்வரிசை தாண்டிவிடும், அதுவும் பரவாயில்லை. அம்பாசடருக்கு இசுசு எஞ்சின் அமைந்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே நடத்திவைத்த சம்பந்தம். நம்முடையதோ காதல் கல்யாணம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆகவே அன்பர்களே, நந்தி அருள் கிடைத்தாலும் ஆர்.டி.ஓ.வைக் கேட்காமல் தாம்பூலம் மாற்றாதீர்கள்.