முத்தநாதன் கொண்டுவந்த இணைப்பு: பொய்ப்பெயர் மின்னஞ்சல் குறித்துச் சங்கரன்கோவிலை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

முதலில் ஆய்வுக்களம். சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம். 2019 நவம்பருக்கு முன் திருநெல்வேலி மாவட்டம். விசைத்தறி, பூச்சந்தை, பிரியாணி, கோயில் புற்றுமண் இவற்றால் பெயர்பெற்ற ஊர். இவற்றுக்கும் மின்னஞ்சலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக் கூடாது. ஆய்வேட்டுக்குக் களம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தொடர்பு இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

அடுத்து ஆய்வுச் சிக்கல். வருமான வரித் துறையின் பெயரில் வந்த மடலை அந்தத் துறை எழுதவில்லை என்றால், எழுதியது யார்? 'யாரோ ஒரு திருட்டுப் பயல்' என்பது சரியான விடை. ஆனால் அப்படி ஒரே வரியில் முடித்துவிட்டால் இயல் பிரிக்க இடமிருக்காது.

முன்னாய்வு: 1971இல் ரே டாம்லின்சன், பெயருக்கும் கணினிக்கும் நடுவில் '@' குறியை வைத்து ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மடல் அனுப்பினார். 1978இல் அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்தபோது தாம் எழுதிய நிரலுக்கு 'ஈமெயில்' என்று பெயரிட்டு, 1982இல் அதற்குப் பதிப்புரிமை பெற்றவர் ஷிவா அய்யாதுரை. தாமே மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் என்கிறார் அவர். கணினி வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. அவர் சிறுவயதில் வளர்ந்த முகவூர், ராஜபாளையம் வட்டாரம், அதாவது நம் களத்துக்கு அண்டை வீடு. எனவே ஆய்வாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அபாயம் இருப்பதால், நடுநிலை காத்து அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்.

வகைப்பாடு. மொட்டைக் கடிதம்: அனுப்புநர் பெயரே கிடையாது, எனவே பொய்யும் கிடையாது. சங்கிலிக் கடிதம்: இதைப் பலருக்கு எழுதிப் போடாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சாமி பெயரில் வந்த அஞ்சலட்டை; சாமி எழுதவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், எழுதிப் போட்டதும் எல்லாரும்தான். பெயர் மட்டும் வேடம்: மேலே வங்கியின் பெயர், தொட்டுப் பார்த்தால் உள்ளே யாரோ ஒருவரின் ஜிமெயில் முகவரி. எழுத்து மயக்கம்: ஆங்கிலச் சின்ன 'ஆர்' பக்கத்தில் சின்ன 'என்' ஒட்டி நின்றால் 'எம்' மாதிரி தெரியும்; கண்ணாடி போடாத வேளையில் நூல் வியாபாரியின் முகவரிக்கும் திருடனின் முகவரிக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். தறிக்காரர் பணம் இந்த இடைவெளி வழியாகத்தான் வேறு கணக்குக்குப் போகும்.

தன்வினை என்றொரு வகையும் உண்டு. நம் முகவரியிலிருந்து நமக்கே மடல் வரும்: 'உன் கணக்கு என் கையில், பிட்காயின் அனுப்பு.' இதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவர்கள் இருக்கிறார்கள். நம் பெயரை அனுப்புநர் இடத்தில் எழுத நம் கணக்குக்குள் நுழைய வேண்டியதே இல்லை. காரணம் 1982 ஆகஸ்டில் இருக்கிறது.

அந்த மாதம் ஜான் போஸ்டல் எழுதிய 821ஆம் எண் ஆவணம்தான் அஞ்சல் கணினிகள் பேசிக்கொள்ளும் முறையை வகுத்தது. ஒரு கணினி 'ஹெலோ' என்று தன் பெயரைச் சொல்லும். 'இன்னாரிடமிருந்து' என்னும். எதிர்க்கணினி '250 ஓகே' என்னும். 'இன்னாருக்கு' என்னும். மறுபடியும் '250 ஓகே'. 'நீ அந்த இன்னார்தானா?' என்ற கேள்வி அந்த உரையாடலில் எங்கேயும் கிடையாது. ஒருவரையொருவர் அறிந்த சில ஆராய்ச்சிக்கூடங்களுக்குள் புழங்கிய காலம். கேட்டிருந்தால் மரியாதைக் குறைவு. போதாக்குறைக்கு உறையில் ஒரு பெயர், உள்ளே மடலின் தலையில் ஒரு பெயர் என்று இரண்டு உண்டு. நம் கண்ணில் படுவது இரண்டாவதுதான். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று நாகர்களான சங்கனும் பதுமனும் வழக்காட, இருவரும் ஓர் உருவாய் நின்ற ஊரில் இரண்டு பெயர் ஓர் உருவில் வருவது புதிதல்ல என்பர் பேருந்து நிலைய டீக்கடை மரபினர் (வடக்கு பெஞ்சு, இரண்டாம் டீக்குப் பின்). அங்கே இரண்டுமே மெய், இங்கே ஒன்றாவது பொய் என்று மறுப்பர் தெற்கு பெஞ்சினர் (கடன் சொல்லிக் குடித்த டீ, ஆகவே மேற்கோள் தற்காலிகமானது).

இனி இந்த ஆய்வின் சாரம். பொய்ப்பெயர் இணைப்பின் முதல் பதிவு பன்னிரண்டாம் நூற்றாண்டில், சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கிடைக்கிறது. திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், நீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்தான். வாயில் காவலர் வேடத்தைப் பார்த்து வழிவிட்டனர். இதுதான் பெயரை மட்டும் பார்த்து மடலை உள்ளே விடுவது. கடைசி வாயிலில் தத்தன் மட்டும் 'அரசர் உறங்குகிறார், சமயம் பார்த்து வாரும்' என்றான். அவனைத் தள்ளிக்கொண்டு போனான் முத்தநாதன்: அவசரம், முதல் அறிகுறி. வேறெங்கும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான்: அரிய சலுகை, இரண்டாம் அறிகுறி. தனியிடம் வேண்டும், அரசி இருக்கக் கூடாது என்றான்: 'வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்', மூன்றாவது. பிறகு கட்டை அவிழ்த்தான்.

அந்தக் கட்டு ஜிப்பா, பிடிஎஃப்பா என்பதில் அறிஞரிடையே பெரும்பிணக்கு. கட்டியிருந்ததால் ஜிப் என்பது வடக்கு பெஞ்சு. படிக்கும் பொருள்போல் தோன்றியதால் பிடிஎஃப் என்பது தெற்கு பெஞ்சு. இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒரு நூல் உண்டு. அது அச்சாகவில்லை, எழுதப்படவும் இல்லை, ஆனால் நான்கு ஆய்வேடுகள் அதை மேற்கோள் காட்டிவிட்டதால் இனி மறுக்க இயலாது. ஒரு வேறுபாட்டை மட்டும் மூன்று தரப்பும் ஒப்புக்கொள்கின்றன: முத்தநாதன் தன் கட்டைத் தானே அவிழ்த்தான், இன்று அந்தச் சிரமத்தையும் நாமே ஏற்றுக்கொள்கிறோம்.

இதைப் படித்து நகைக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. 'மதிப்புமிகு அறிஞரே, தங்கள் அரிய கட்டுரையை எதிர்பார்க்கிறோம்' என்று ஆய்விதழ்களின் பெயரைத் திருடி வரும் மடல்களுக்குப் பதிப்புக் கட்டணம் அனுப்பியவர்கள் தறிக்காரர்கள் அல்லர். போலி இதழ்த் தொல்லை தாங்காமல்தான் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் 'கேர்' பட்டியலை அறிவித்தது. மாணவர் எழுதிய கட்டுரையில் வழிகாட்டியின் பெயர் முதலில் நிற்பது எந்த வகை என்பதைத் தனி ஆய்வுக்கு விடுகிறேன்.

தத்தன்களைப் பற்றி. 2006இல் வந்த எஸ்பிஎஃப், ஒரு நிறுவனத்தின் பெயரில் எந்தக் கணினிகள் அனுப்பலாம் என்று பட்டியலிடுகிறது. 2007இன் டிகிம் மடலில் மின் கையொப்பம் வைக்கிறது. 2012இன் டிமார்க், கண்ணில் படும் பெயர் இவற்றோடு பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்கிறது. நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயமானது 2024 பிப்ரவரியில்தான். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மடலின் மூன்று புள்ளிகளைத் தொட்டு அசலைக் காட்டச் சொன்னால் மூன்றும் தேறினவா என்று தெரியும். திருடன் சொந்தமாக ஒரு பெயர் வாங்கி மூன்றிலும் தேறிவிடலாம் என்பதால், முகவரியை எழுத்தெழுத்தாகப் படிப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

கள ஆய்வு முடிவு: கோமதி அம்மனின் ஆடித் தபசும், ஜூலை 31 என்னும் வழக்கமான வரிக்கணக்குக் கெடுவும், 'உங்கள் ரீஃபண்ட் தயார்' மடல்களும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வருகின்றன. அம்மனுக்கு இதில் பங்கில்லை என்பதை நிறுவ நிதி தேவை.

வாசகர்க்கு: மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்; வங்கிக்கு வைத்த கடவுச்சொல்லை அதற்கு வைக்காதீர்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று மடல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள். இந்தக் கட்டுரையின் முழு வடிவம் என்று ஏதாவது இணைப்பு என் பெயரில் வந்தால் திறக்காதீர்கள். முழு வடிவம் என்று ஒன்று இல்லை.