கிட்டுக்கு முன் கிட்

கிட் மென்பொருளை மூல நிரலிலிருந்து கட்டுவதற்கு முதல் படி, 'கிட் குளோன்' என்று தட்டி அந்த நிரலை இறக்குவது. அதற்குக் கணினியில் கிட் இருக்க வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும். (சுருக்கிக் கட்டிய டார் கோப்பாகவும் கிடைக்கும், அது கௌரவக் குறைச்சல்.) 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியபோது இந்தச் சிக்கல் இல்லை, பாவம்.

அடுத்து, நிரலைக் கட்டும் 'மேக்' கட்டளை. உபுண்டுவில் அது உடனே ஸீலிப் நூலகத்தின் தலைப்புக் கோப்பைக் காணோம் என்று அலறும். ஸீலிப் இருக்கிறதே ஐயா! இருக்கிறது, ஆனால் தலைப்புக் கோப்பு 'டெவ்' என்று வால் முளைத்த தனிப் பொட்டலத்தில் இருக்கிறது. கிட்டுக்குத் தேவையான கர்ல் நூலகத்துக்கும் அதே வால், எக்ஸ்பாட்டுக்கும் அதே வால்.

நிரல் என்னவோ சீக்கிரமே தயாராகிவிடும். கையேடுதான் ஆடம்பரம்: ஆஸ்கிடாக் வேண்டும், எக்ஸ்எம்எல்டூ வேண்டும், பின்னாலேயே டாக்புக் பரிவாரம் வேண்டும். அத்தனையும் யாரும் திறக்காத பக்கங்களுக்காக. கிட்டை எழுதியவர்களே மனமிரங்கி, தயாரான கையேட்டைத் தனியே வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து 'மேக் இன்ஸ்டால்' கொடுத்தால், வேறு இடம் சொல்லாதவரை, புதிய கிட் நம் வீட்டு அடைவுக்குள் போய் அமரும். கட்டளைகளைத் தேடும் பாதையை மாற்றாமல் பதிப்பு எண் கேட்டால் பெரும்பாலும் பழைய கிட்தான் முந்திக்கொண்டு பதில் சொல்லும், கூச்சமே இல்லாமல்.