பெட்டியியல்: ஓர் அறிமுகம்

பெட்டியியல் என்பது, வேறு நாட்டில் குடியேறப் போகிறவர் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்பதைப் போகாதவர்கள் கூடி முடிவு செய்யும் முறையை ஆராயும் துறை. இதன் அடிப்படை அலகு 23 கிலோ. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் சாதாரண வகுப்புப் பயணிக்குப் பல விமான நிறுவனங்கள் தலா 23 கிலோவில் இரண்டு பெட்டிகளை அனுமதிக்கின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக் கூடாது. 32 கிலோவுக்கு மேல் போன பெட்டியைப் பணம் கட்டினாலும் பொதுவாக எடுப்பதில்லை. தூக்குகிறவரின் முதுகைக் கருதிய விதி அது. விமானத்தில் ஒரு முறைகூட ஏறாத அத்தைகளும் இவ்வெண்களை மனப்பாடமாக அறிவர் என்பது இத்துறையின் முதல் கண்டுபிடிப்பு.

பெட்டிப் பருவத்துக்கு முந்தியது காகிதப் பருவம். அது பெயரில் தொடங்குகிறது. பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். தமிழரிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ஆகவே எஸ். முருகனின் ‘எஸ்’ விரிந்து சுப்பையாவாகிக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்காரும். அதன்பின் அயல்நாட்டு வங்கியும் மருத்துவமனையும் அலுவலகமும் மகனை ‘மிஸ்டர் சுப்பையா’ என்றே அழைக்கும். யாராவது பெயர் சொன்னால் புரையேறும் என்பது உண்மையானால், கோவில்பட்டியில் இருக்கும் அசல் சுப்பையா ஒரு வாய் சோறு நிம்மதியாக இறக்க முடியாது. கட்டத்தை வெறுமையாக விடுவதும் தீர்வாகாது. ஒற்றைப் பெயர்க்காரரின் அமெரிக்க விசாவில், முதற்பெயர் தெரியவில்லை என்ற பொருளில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகும்; அவருடைய உடன்பணியாளர்கள் சில காலம் அவரை அப்படியே கூப்பிடவும் கூடும். ஐக்கிய அரபு அமீரகமோ ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசாவே கிடையாது என்று 2022 நவம்பரில் அறிவித்தது.

பிறப்புச் சான்றிதழ் இதைவிடச் சிக்கலான ஆவணம். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் பெயர் இருக்காது. ‘ஆண்’ என்று மட்டும் இருக்கும். முப்பது வயதுக்காரர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தமக்குப் பெயர் வைக்கப்பட்டுவிட்டதை நிரூபிக்க வேண்டும். பிறகு சான்றிதழ்கள், அயல்நாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரைக்குப் போகும். இம்முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. கனடா 2024 ஜனவரியில்தான் வந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பீரோவிலிருந்து வெளிவரும். அந்தத் தேர்வில் தேறியவருக்கு 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படியான அனுமதிச் சோதனை தேவைப்படாது. கணக்கில் வாங்கிய 38 மதிப்பெண்ணுக்குக் குடும்பத்தில் முதல் முறையாக மரியாதை கிடைப்பது அன்றுதான்.

பல், கண், வங்கி ஆகிய மூன்றும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். சொத்தைப் பல்லை அடைத்து, இரண்டு ஜோடி மூக்குக் கண்ணாடி செய்து, சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற ஏற்பாடு செய்து, தேவைப்பட்டால் அப்பாவின் பெயரில் பவர் எழுதிக் கொடுத்தால் போதும். பயனுள்ள வேலைகள் என்பதால் இவற்றைப் பற்றி வீட்டில் யாரும் விவாதிப்பதில்லை.

விவாதம் உணவைப் பற்றியது. எடை குறைவு, ஒழுகாது, கெடாது என்னும் மூன்று காரணங்களால் பொடியே முதலிடம் பெறுகிறது. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, சாம்பார்பொடி, ரசப்பொடி நான்கும் மறுப்பின்றி ஏறும். அங்காயப்பொடியில் இரு வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஊறுகாயின் நிலை வேறு. திரவ வெடிபொருள் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்ட பிறகு வந்த 100 மில்லி விதி, அச்சதியோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத மாவடுவையும் கைப்பையிலிருந்து வெளியேற்றியது. எனவே மாவடு பெட்டிக்குள் போகும்: மூடிமேல் டேப், அதன்மேல் பாலிதீன் பை, அதன்மேல் இன்னொரு பை, அதன்மேல் கல்யாண வேட்டி.

தடைகளில் பெரியது கொப்பரை. விமானச் சரக்கு விதிகளில் அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள், ஐ.நா. எண் 1363. கறிவேப்பிலையை அமெரிக்கா மறுப்பதற்குக் காரணம், அதில் தங்கும் ஒருவகைச் சிறு பூச்சி ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைச் சுமந்து செல்வது. இட்லி அரிசியும் கூடாது. தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அங்கே அனுமதியில்லை. சொந்த உபயோகத்துக்கான கருவாட்டை அமெரிக்கச் சுங்கம் தடுப்பதில்லை. பெட்டியிலுள்ள சட்டைகள்தாம் அதை ஏற்பதில்லை.

இத்தனையும் போகிற இடத்தில் கிடைக்காதா என்ற கேள்வியை ஆய்வாளர் கேட்கலாம்; வீட்டில் கேட்கக் கூடாது. டொரண்டோவின் ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காய் முதல் இடியாப்பத் தட்டு வரை உண்டு. நியூ ஜெர்சியின் ஓக் ட்ரீ சாலையில் மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அடுக்குபவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் அடுக்குவது, உப்பும் மிளகாயும் விளையாத, கடையே இல்லாத, உலக வரைபடத்தில் காணப்படாத ஒரு நாட்டுக்கு. பிள்ளை போகிற எந்த நாடும் அம்மாவுக்கு அந்த நாடுதான்.

பாத்திரப் பிரிவில் ஓரளவு அறிவியல் உண்டு. இந்திய மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்க மின்சாரம் 120. இங்குள்ள மிக்ஸி அங்கே சுற்றாமல் முனகும். அதற்காகவே 110 வோல்ட் மிக்ஸிகளும் கிரைண்டர்களும் தமிழகக் கடைகளில் விற்கின்றன. குக்கருக்கு உபரி கேஸ்கட், வெயிட், சேப்டி வால்வு வைப்பது மிகச் சரியான முடிவு. இப்பெட்டியில் எடுக்கப்பட்ட ஒரே சரியான முடிவு என்று வாதிடுவோரும் உளர். குக்கருக்குள் காலி இடம் விடுவது குற்றம். அதற்குள் காலுறை, காலுறைக்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் பெருங்காயம்.

எடை பார்ப்பதில் மூன்று மரபுகள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, பிறகு பெட்டியில்லாமல் ஏறிக் கழிப்பது முதலாவது. இதில் மாமாவின் எடை எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொக்கித் தராசு இரண்டாவது. ஒரு கையால் தூக்கி “இருபத்திரண்டுதான் இருக்கும்” என்று அப்பா சொல்வது மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போவதில்லை, விமான நிலையத்துத் தராசு ஒன்றோடும் ஒத்துப்போவதில்லை.

அங்கே தரையில் பெட்டி திறக்கப்படும். முதலில் வெளியேறுவது புத்தகங்கள், அடுத்து ஜீன்ஸ். பொடி வெளியேறியதாகத் தகவல் இல்லை. குளிர்கோட்டு உடம்புக்கு மாறும். மே மாத நள்ளிரவில் சென்னை விமான நிலையத்தில் கம்பளிக் கோட்டோடு வியர்த்து நிற்பவர் நோயாளி அல்லர், பெட்டியில் இரண்டு கிலோ மிச்சம் பிடித்தவர்.

இந்நிலையில் பயணியிடம் ஒரு கேள்வி கேட்கப்படலாம்: “இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?” ஏற்கத்தக்க விடை ‘ஆம்’ ஒன்றே என்பதால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். இறங்கும் நாட்டில் அடுத்த கேள்வி: உணவுப்பொருள் உண்டா? ஆஸ்திரேலியாவில் இது கடுமையான விஷயம். அறிவித்த பொருளை அதிகம் போனால் பிடுங்கிக்கொள்வார்கள், அறிவிக்காமல் மறைத்தால் அபராதம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் புறப்படும் முன்பே அம்மாவிடம் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பொட்டலம் எப்படியும் இருக்கும். ஆகவே ‘உண்டு’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட வேண்டும்.