ஆயர் தாவாரில் அமோக்: ஒரு சொல்லாய்வு

சித்தியவானுக்கு அடுத்த ஆயர் தாவாரில், காலைப் பசியாறும் நேரத்தில் ‘அமோக்’ என்ற சொல் எப்பொருளில் வழங்குகிறது என்பதே இவ்வாய்வின் வினா. தே தாரேக்கில் சீனி குறைந்தால், “பெரியப்பா அமோக் ஆயிட்டாரு” என்கிறார்கள். பெரியப்பாவோ நாற்காலியை விட்டு எழவே இல்லை. ஆய்வாளனின் சிக்கல் இங்கே தொடங்குகிறது.

மூலநூல்கள் காட்டும் அமோக் வேறு. பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், 1895-இல் வெளியிட்ட ‘மலாய்ச் சித்திரங்கள்’ நூலில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். களம் நம் பேராக் ஆற்றங்கரைதான், ஆண்டு 1891, ஈட்டியும் இரத்தமும் உண்டு. 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டின் நான்காம் பதிப்பில் இலக்கணமும் வகுத்துவிட்டார்கள்: முதலில் உள்ளுக்குள் புழுங்கல், பிறகு திடீர் வெறியாட்டம், கடைசியில் களைப்பும் மறதியும்.

இதைப் பெரியப்பாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். புழுங்கல் கிடையாது, எல்லாம் உடனுக்குடன் வாய்வழியே வந்துவிடுகிறது. ஆயுதம் என்று சொல்லத்தக்கது தேக்கரண்டி ஒன்றே. மறதியா? பால்மரக் காலத்தில், லயத்துக் கல்யாணமொன்றில் கிராணிக்கு வைத்த அப்பளத்தைத் தமக்கு வைக்காததையும் அன்று சேர்த்தே சொன்னார்.

இனி வேர்ச்சொல். எதையும் தமிழென்று நிறுவாமல் ஆய்வுக் கட்டுரை எழுதினால் சொந்தக்காரர்கள் மதிக்க மாட்டார்கள். நல்லவேளையாக, யூலும் பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி (1886) கைகொடுக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஆகவே அவர் வாக்கு பாதித் தமிழ்ச் சான்று. மலபார்க் கரையில் சாகத் துணிந்த வீரர்களைப் போர்த்துகீசியர் குறித்த சொல்லுக்கு, ‘அமர்’ அடியாகப் பிறந்த மலையாளச் சொல் மூலமாகலாம் என்று அந்நூல் பேசுகிறது. பொதுவாக ஏற்கப்பட்ட மூலம் மலாய் ‘அமுக்’தான் என்பது அடிக்குறிப்பில் போட வேண்டிய சங்கதி; இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு இல்லை.

அமர் என்றால் போர். அமர் என்றால் உட்கார். இரு பொருளையும் ஒரே நாற்காலியில் நிறைவேற்றியவர் பெரியப்பா. ‘அமர்க்களம்’ என்ற சொல்லும் போர்க்களத்தில் புறப்பட்டுக் கல்யாண வீட்டில் வந்து இறங்கியதுதானே?

முறிமருந்து ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. ஆயர் தாவார் என்றால் நன்னீர். தனியே ‘தாவார்’ என்றால் மலாயில் சப்பென்றிருப்பது, பேரம் பேசுவது, விஷத்தை முறிப்பது என மூன்று. மூன்றும் அந்த மேசையில் நிகழ்ந்தன. தேத்தண்ணி சப்பென்றிருந்தது, விலையில் இருபது காசு குறைக்கச் சொன்னார், கடைக்காரத் தம்பி ஒரு கரண்டி டின்பால் ஊற்ற, விஷம் இறங்கியது.

ஆனால் சீனியைக் குறைக்கச் சொல்லியிருந்ததே பெரியம்மாதான், பெரியப்பாவின் இனிப்புநீர் கருதி. டின்பால் செய்தி எட்டியதும் பெரியம்மாவும் அமோக் ஆனார். நின்றுகொண்டே ஆனதால் மேற்படி சொற்பிறப்பு அவருக்குப் பொருந்தாது. அது தனி ஆய்வு.