தரங்கம்பாடியில் மூன்று நாள்

கேள்வி: கடலோரமாக ஒரு வீடு எடுத்துக் குடும்பத்தோடு மூன்று நாள் தங்க ஆசை. தரங்கம்பாடி போகலாமா? அங்கே என்ன இருக்கிறது?

பதில்: தாராளமாகப் போங்கள். அலை பாடும் ஊர் என்று பெயரே கூப்பிடுகிறதே! விடியலில் எழுந்தால் சூரியன் கடலிலிருந்து ஏறிவருவதைப் பார்க்கலாம். படகு கரைக்கு வந்ததும் நெத்திலியோ சங்கராவோ கிடைத்தால் வாங்கி, மண்சட்டியில் புளிக்குழம்பு வையுங்கள். மறுநாள் இட்லிக்கு அது இன்னும் ருசி; ஆனால் மிஞ்ச வேண்டுமே!

1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடுவார்கள். நீங்கள் நகர வாயிலில் தொடங்கும் பழைய வீதியில் நிதானமாக நடங்கள். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, மணலில் எழுதிப் பழகும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றவர். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அந்த மண்ணில் நிற்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மாலையில் மாசிலாமணிநாதர் கோயில். அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதே கடல்தான், அதனால் பிள்ளைகள் கால் நனைத்தால் போதும். குளியல் வீட்டுக் குழாயடியில்.