முதலே முதலிடம்

பாட்டை இலவசமாக வாரிக் கொடுத்தால் முதலுக்கே மோசம் ஆகிவிடாதா?

ஆர்க்டிக் மங்கீஸ் இசைக்குழுவுக்கு முதலே முதலிடம் பிடித்ததே!

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு இளைஞர்கள் நால்வர் தங்கள் பாடல்களை சி.டி.யில் பதிந்து, கச்சேரிக்கு வந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். ரசிகர்கள் அவற்றை இணையத்தில் பரப்பினார்கள். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வெளியானபோது அதில் பல பாடல்கள் ஏற்கெனவே மனப்பாடம். ஆனாலும் பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,63,735 பிரதிகள் விற்றன. அதுவரை அங்கே எந்தக் குழுவின் முதல் ஆல்பமும் அந்த வேகத்தில் விற்றதில்லை.

கேட்ட பாட்டையே காசு கொடுத்து வாங்குவார்களா?

கேட்காத பாட்டை யார் வாங்குவார்கள்?

தயாரிப்பாளர் ஜிம் அபிஸ் மேடைத் துடிப்பு குறையாமல் அந்த ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார். அதே ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசும் அதற்கே கிடைத்தது.